பண்ணை வீட்டுக்கு விருந்தினர் வருமுன்... விதிகளும் வரிகளும் விவரமாக!

மலைப் பகுதி விவசாயத்தில் விலை ஒரு நிலையில் நிற்பதில்லை. ஒரு வருடம் மிளகு கைகொடுக்கும், மறு வருடம் காபி காலை வாரும். கேரட்டும் மலைப்பூண்டும் ஏற்றிய லாரி வாடகைக்கே சரியாகப் போன வருடங்களும் உண்டு. இதனால்தான் கொடைக்கானல், நீலகிரி, ஏற்காடு, ஏலகிரி, கொல்லிமலை, வால்பாறைப் பகுதிகளில் சிறு விவசாயிகள் பலர் தோட்டத்து வீட்டில் ஓரிரு அறைகளைச் சுற்றுலாப் பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விடத் தொடங்கியிருக்கிறார்கள். ஹோம் ஸ்டே, ஃபார்ம் ஸ்டே, காட்டேஜ் என்று ஊருக்கு ஒரு பெயர். சமவெளியிலும் தென்னந்தோப்பு, ஆற்றங்கரைத் தோட்டம் வைத்திருப்பவர்கள் இதில் இறங்குகிறார்கள்.

தப்பில்லாத தொழில்தான். ஆனால், பெரும்பாலானவர்கள் முதலில் கட்டடத்தைக் கட்டி, பிறகு போனில் படம் போட்டு, விருந்தினர் வந்து போன பிறகே அனுமதி பற்றி யோசிக்கிறார்கள். இந்த வரிசை தலைகீழானது. கொடைக்கானலில் அனுமதியில்லாமலும், அனுமதியை மீறியும் கட்டப்பட்ட வணிகக் கட்டடங்களை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2019-ல் வரிசையாகப் பூட்டி சீல் வைத்தார்கள். நீலகிரியின் சீகூர் பகுதியில் யானை வழித்தடத்தில் இருந்த விடுதிகள் 2018-ல் உச்ச நீதிமன்ற உத்தரவால் மூடப்பட்டன. 2020 அக்டோபரில் வந்த தீர்ப்பு அந்த வழித்தடத்தை உறுதி செய்தது. கடன் வாங்கிக் கட்டிய கட்டடத்துக்குச் சீல் விழுந்தாலும் வங்கித் தவணை நிற்காது. அந்தத் தவணையைக் கட்ட விற்கப்படுவது பெரும்பாலும் நிலம்தான்.

ஒன்றை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். காசு கொடுத்து ஒருவர் தங்கிய நாளிலிருந்து அந்த அறை அரசாங்கத்தின் பார்வையில் விவசாயம் அல்ல. தோட்டத்துக்குள் இருந்தாலும், விவசாயியே நடத்தினாலும் அது தனித் தொழில். நிலம், கட்டடம், மின்சாரம், வீட்டு வரி, வருமான வரி எல்லாவற்றுக்கும் கணக்கு மாறுகிறது. எந்தெந்த இடத்தில் எப்படி மாறுகிறது என்பதை வரிசையாகப் பார்ப்போம்.

முதலில் பட்டா, பிறகு செங்கல்

கிராம நிர்வாக அலுவலகத்தில் நிலத்தின் வகையைப் பார்ப்பதுதான் முதல் வேலை. சொந்தப் பட்டா நிலமா, அரசு ஒப்படை செய்த நிலமா, பஞ்சமி நிலமா என்பது 'அ' பதிவேட்டில் தெரிந்துவிடும். ஒப்படை நிலம் நிபந்தனையோடு கொடுக்கப்பட்டது. விவசாயத்துக்கென்று கொடுத்த நிலத்தில் விடுதி நடத்தினால் ஒப்படையே ரத்தாக இடமுண்டு. பட்டாவில் அண்ணன், தம்பி, அத்தை பெயர்கள் சேர்ந்திருந்தால் அவர்களின் எழுத்துமூலமான சம்மதம் வேண்டும். காசு வரத் தொடங்கிய பிறகு சம்மதம் கேட்டால் சண்டைதான் வரும்.

அடுத்தது, அந்தக் கிராமம் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 'ஹாகா' என்று அலுவலகங்களில் சொல்லும் இந்தக் குழுமத்தை 1990-ல் தமிழக அரசு அமைத்தது. பட்டியலில் உள்ள கிராமங்களில் விவசாய நிலத்தை வேறு பயனுக்கு மாற்றவும், கட்டடம் கட்டவும் வழக்கமான அனுமதியோடு இந்தக் குழுமத்தின் வழியிலான அனுமதியும் தேவைப்படலாம். வனத்துறை, வேளாண் பொறியியல் துறை, புவியியல் துறை போன்றவற்றின் கருத்தும் கேட்கப்படும். சரிவு அதிகமான இடங்களில் மண் சரியும் ஆபத்து இருப்பதால்தான் இவ்வளவு கெடுபிடி. நீலகிரியில் பொக்லைன் வைத்துச் சரிவை வெட்டவும், ஆழ்துளைக் கிணறு போடவும்கூட மாவட்ட நிர்வாகத்தின் அனுமதியைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மரம் வெட்டுவதிலும் கவனம் தேவை. 1949-ம் ஆண்டின் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டமும், 1955-ம் ஆண்டின் மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டமும் பல மலைக் கிராமங்களில் நடைமுறையில் உள்ளன. சொந்தத் தோட்டத்து நிழல் மரம்தானே என்று நினைத்து அறைக்காக வெட்டினால் வழக்கு வரும்.

கட்டட அனுமதி என்பது 'எதற்காக' என்ற கேள்வியோடு சேர்ந்தது. குடியிருப்பு என்று வரைபடம் போட்டு அனுமதி வாங்கிய கட்டடத்தை முழு விடுதியாக மாற்றினால், அது அனுமதி மீறல். கொடைக்கானலில் பலர் சிக்கியது இந்த இடத்தில்தான். தானும் குடும்பத்தோடு வசிக்கும் வீட்டில் ஓரிரு அறைகளை விருந்தினருக்குக் கொடுப்பதையும், தனியாக ஆறு காட்டேஜ் கட்டி ஆள் வைத்து நடத்துவதையும் சட்டம் ஒன்றாகப் பார்ப்பதில்லை. சிறு விவசாயிக்குப் பொருத்தமானது முதல் வகைதான்.

ஹோம் ஸ்டே என்றால் என்ன?

மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் 'படுக்கையும் காலை உணவும்' திட்டத்தில் ஒரு வீட்டில் குறைந்தது 1 அறை, அதிகபட்சம் 6 அறைகள், 12 படுக்கைகள் வரை விடலாம். உரிமையாளர் குடும்பத்தோடு அங்கேயே வசிக்க வேண்டும். வசதிகளைப் பார்த்துத் தங்கம், வெள்ளி என்று இரண்டு தரம் கொடுக்கிறார்கள். தமிழகச் சுற்றுலாத் துறையும் ஹோம் ஸ்டே, கூடார முகாம், சாகசச் சுற்றுலா நடத்துபவர்கள் இணையவழியில் பதிவு செய்ய ஏற்பாடு செய்திருக்கிறது. மாவட்டச் சுற்றுலா அலுவலரிடம் போனால் படிவம், கட்டணம், ஆய்வு நடைமுறை எல்லாம் தெரிந்துகொள்ளலாம்.

ஆய்வுக்கு வருபவர்கள் பார்ப்பது பெரும்பாலும் எளிய விஷயங்கள்தான். அறைக்குள்ளேயே கழிப்பறை, சுத்தமான குடிநீர், காற்றோட்டம், தீயணைப்புக் கருவி, முதலுதவிப் பெட்டி, கழிவுநீருக்கு முறையான செப்டிக் டேங்க் இவை இருக்க வேண்டும். செப்டிக் டேங்க் கிணற்றுக்கும் ஓடைக்கும் தள்ளி இருக்க வேண்டும். மலையில் மேல்தோட்டத்துக் கழிவுதான் கீழ்தோட்டத்துக் குடிநீரில் கலக்கிறது.

தங்குபவர்கள் பெயர், முகவரி, அடையாள அட்டை நகல், வந்த நேரம், போன நேரம் எல்லாவற்றையும் பதிவேட்டில் எழுதி வைப்பது கட்டாயம். போலீஸார் கேட்டால் காட்ட வேண்டும். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் குடியேற்றத் துறையின் இணையதளத்தில் தகவல் ஏற்ற வேண்டும். 'சி படிவம்' என்று இதுவரை வழக்கத்தில் சொல்லப்பட்டு வந்தது இதுதான். ஒரே ஒரு இரவு தங்கினாலும் இது பொருந்தும். வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய சொந்தக்காரர்கள் வந்தாலும் விசாரித்துக்கொள்வது நல்லது.

ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் நடைமுறை உள்ளது. 2025 சீசனில் ஊட்டிக்கு வார நாட்களில் 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்றும், கொடைக்கானலுக்கு 4,000, 6,000 என்றும் வரம்பு வைத்தார்கள். முன்பணம் வாங்கும்போதே 'இ-பாஸ் எடுத்துவிட்டீர்களா?' என்று கேட்டுவிட வேண்டும். சோதனைச் சாவடியில் திரும்பிப் போனவர் முன்பணத்தைத் திருப்பிக் கேட்டால் யார் பொறுப்பு என்பதையும் முன்கூட்டியே எழுத்தில் சொல்லிவிடலாம்.

ஊராட்சியில் கட்ட வேண்டியவை

கிராம ஊராட்சி வீட்டு வரியில் குடியிருப்புக்கு ஒரு விகிதம், வணிகப் பயனுக்கு வேறு விகிதம். அறை வாடகைக்கு விடத் தொடங்கியதும் ஊராட்சிச் செயலரிடம் எழுத்தில் தெரிவித்து, அந்தப் பகுதிக்கு எந்த விகிதம் என்று கேட்டு ரசீது வாங்க வேண்டும். இணையவழியிலும் ஊராட்சி வரி கட்டலாம். கூடுதலாகச் சில நூறோ, சில ஆயிரமோ ஆகலாம். ஆனால், பின்னால் ஏதாவது விசாரணை வந்தால் 'மறைக்கவில்லை' என்பதற்கு அந்த ரசீதுதான் சாட்சி.

தொழில் வரியும் உண்டு. அரையாண்டு வருமானத்தைப் பொறுத்து உள்ளாட்சி அமைப்பு வசூலிக்கும். அரசியலமைப்புச் சட்டப்படி ஒருவருக்கு ஆண்டுக்கு ₹2,500-க்கு மேல் தொழில் வரி போட முடியாது. தொழில் உரிமம் தேவையா என்பதையும் அதே நாளில் கேட்டு எழுத்தில் பதில் வாங்கலாம். பேரூராட்சி, நகராட்சி எல்லைக்குள் இருந்தால் சொத்து வரியும் உரிமக் கட்டணமும் வேறு மாதிரி இருக்கும்.

இலவச மின்சாரம் அறைக்கு எரியக் கூடாது

விவசாயிகள் அதிகம் தவறும் இடம் இது. பம்பு செட்டுக்கு அரசு கொடுப்பது விவசாய இலவச மின் இணைப்பு. அதிலிருந்து ஒயர் இழுத்து விருந்தினர் அறைக்கு விளக்கு, கீஸர் போடுவது முறைகேடான பயன்பாடு. 2003-ம் ஆண்டின் மின்சாரச் சட்டம் 126-வது பிரிவுப்படி, பொருந்தும் கட்டணத்தைப்போல இரண்டு மடங்கு விதிக்கலாம். எப்போது முதல் நடந்தது என்று கண்டுபிடிக்க முடியாவிட்டால் பின்னோக்கி 12 மாதங்களுக்குக் கணக்குப் போடுவார்கள். இணைப்பைத் துண்டித்தால் பாசனமும் நின்றுபோகும்.

வீட்டு இணைப்பிலேயே அறைகளை ஓட்டலாமா என்பதை உதவிப் பொறியாளர் அலுவலகத்தில் கேட்டு, வணிக இணைப்பு வேண்டும் என்றால் தனி மீட்டர் வாங்கிவிடுவது பாதுகாப்பு. தனி மீட்டர் இருந்தால் அறைக்கு எவ்வளவு மின்சாரச் செலவு என்பதும் தெளிவாகத் தெரியும். வாடகை நிர்ணயிக்க அது உதவும்.

சாப்பாடு, மது, காடு

விருந்தினருக்குக் காசு வாங்கிக்கொண்டு சமைத்துப் போட்டால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு எடுக்க வேண்டும். சிறு அளவில் செய்பவர்களுக்குப் பதிவே போதும், பெரிய உரிமம் தேவையில்லை. பதிவு எண்ணை அடுப்படியில் தெரியும்படி மாட்டி வைக்க வேண்டும். தண்ணீரைப் பரிசோதித்த அறிக்கை ஒன்றையும் வைத்துக்கொள்ளலாம்.

உரிமம் இல்லாமல் மது வாங்கிக் கொடுப்பதும் விற்பதும் குற்றம். 'வாங்கி வைங்க, வந்து தர்றோம்' என்று போனில் கேட்பவர்களுக்கு முடியாது என்று சொல்லிவிட வேண்டும். அப்படிச் சொல்வதால் ஒரு வாடகை போகலாம். ஆனால், வழக்கு என்று வந்தால் வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும்தான் அலைய வேண்டியிருக்கும்.

அனுமதியில்லாமல் விருந்தினரைக் காட்டுக்குள் கூட்டிப்போவது இன்னும் ஆபத்து. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத் தீயில் சிக்கி மலையேறச் சென்றவர்கள் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன்பிறகு மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. 2021 ஜனவரியில் மசினகுடியில் விடுதிப் பக்கம் வந்த யானை மீது எரியும் டயரை வீசிய கொடுமைக்குப் பிறகு அனுமதியில்லாத விடுதிகள் மீது நடவடிக்கை பாய்ந்தது. தோட்ட எல்லையைத் தாண்டி விருந்தினர் போகக் கூடாது என்பதை அறையிலேயே எழுதி ஒட்டிவிட வேண்டும். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்கான தடையையும் சேர்த்து எழுதலாம்.

தோட்டத்துக்குள்ளும் செய்ய வேண்டியது இருக்கிறது. பூச்சிக்கொல்லி அறைக்குப் பூட்டு, திறந்த கிணற்றுக்குச் சுற்றுச்சுவர், மோட்டார் பெட்டிக்கு மூடி இவை இல்லாமல் குழந்தைகளோடு வருபவர்களை அனுமதிக்கவே கூடாது. மருந்து தெளித்த பாத்தியில் குறைந்தபட்சம் டப்பாவில் குறிப்பிட்ட இடைவெளி முடியும்வரை யாரையும் இறக்கக் கூடாது. 'நானே பறிச்சுச் சாப்பிடுறேன்' என்று ஆசைப்படும் விருந்தினருக்காக மருந்து தெளிக்காத சிறு பாத்தி ஒன்றைத் தனியாக விடலாம்.

ஜி.எஸ்.டி யாருக்கு?

சேவைத் தொழிலில் ஆண்டு விற்றுமுதல் ₹20 லட்சத்தைத் தாண்டினால்தான் ஜி.எஸ்.டி பதிவு கட்டாயம். இரண்டு மூன்று அறை வைத்திருக்கும் விவசாயி பொதுவாக இந்த எல்லையைத் தொட மாட்டார். ஆனால், வரிவிலக்குள்ள விற்பனையும் மொத்த விற்றுமுதலில் சேரும் என்பது சட்டத்தின் பொது விதி. விளைபொருள் விற்பனையும் அறை வாடகையும் சேர்ந்து ₹20 லட்சத்தை நெருங்கினால், பட்டயக் கணக்கரிடம் ஒரு முறை கேட்டுக்கொள்வது நல்லது.

பதிவு இல்லாதவர் விருந்தினரிடம் ஜி.எஸ்.டி என்று போட்டு வசூலிக்கக் கூடாது. சாதாரண ரசீது கொடுத்தால் போதும். பதிவு எடுத்தவர்களுக்கு, ஒரு நாள் வாடகை ₹7,500 வரை உள்ள அறைக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம் வரி. முன்பு இது 12 சதவீதம். ₹7,500-க்கு மேல் என்றால் 18 சதவீதம்.

இணையத் தளம் வழியாக அறை போனால் கணக்கு கொஞ்சம் வேறு. விவசாயி ₹20 லட்சத்துக்குக் கீழே இருந்து பதிவு எடுக்காவிட்டாலும், அந்த வாடகைக்கான ஜி.எஸ்.டி-யை இணையத் தள நிறுவனமே விருந்தினரிடம் வாங்கி அரசுக்குக் கட்டிவிடும். இதற்காக விவசாயி தனியாகப் பதிவு எடுக்க வேண்டியதில்லை. தளத்தில் விருந்தினர் பார்க்கும் விலை கூடுதலாகத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம். தளத்தின் கமிஷன் எவ்வளவு, அதற்கு மேல் என்ன பிடிக்கிறார்கள் என்பதை மாதாந்திர அறிக்கையை எடுத்துப் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும்.

வருமான வரி: விவசாய வருமானம் வேறு, வாடகை வேறு

விவசாய வருமானத்துக்கு வருமான வரி கிடையாது. அந்தச் சலுகையை அறை வாடகைக்கும் சேர்த்து எழுதுவது தவறு. விவசாய நிலத்தில் உள்ள கட்டடமாக இருந்தாலும், விவசாயம் அல்லாத வேறு பயனுக்கு விட்டு வரும் பணம் விவசாய வருமானம் ஆகாது என்று சட்டத்தில் விளக்கமாகவே சொல்லப்பட்டிருக்கிறது. விருந்தினருக்கு விற்ற தோட்டத்துக் காபிக் கொட்டையும் அறை வாடகையும் ஒரே நோட்டில் இருந்தால் பிரிப்பது சிரமம். அதனால் இரண்டு நோட்டு, முடிந்தால் இரண்டு வங்கிக் கணக்கு வைத்துக்கொள்ள வேண்டும்.

2025-26 நிதியாண்டு முதல் புதிய வரி முறையில் அடிப்படை வரம்பு ₹4 லட்சம். ₹12 லட்சம் வரை தள்ளுபடி கிடைப்பதால் அதுவரை பொதுவாக வரி வராது. ஆனால், வரி இல்லை என்பது வேறு, கணக்குத் தாக்கல் வேண்டாம் என்பது வேறு. விவசாயம் அல்லாத வருமானம் ₹4 லட்சத்தைத் தாண்டினால் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். அப்போது விவசாய வருமானம் ₹5,000-க்கு மேல் இருந்தால் அதையும் காட்ட வேண்டும். அதற்கு நேரடி வரி இல்லாவிட்டாலும், மற்ற வருமானத்துக்கு எந்த விகிதம் என்று நிர்ணயிக்க அதைச் சேர்த்துப் பார்ப்பார்கள்.

சிறு தொழில்களுக்கு உத்தேச வரி முறை இருக்கிறது. மொத்த வரவில் 8 சதவீதத்தை லாபமாகக் காட்டலாம். வங்கி வழியாக வந்த பணத்துக்கு 6 சதவீதம். உண்மையான லாபம் அதைவிடக் கூடுதலாக இருந்தால் உண்மையைத்தான் காட்ட வேண்டும். இணையத் தளங்கள் 0.1 சதவீதம் டி.டி.எஸ் பிடிப்பது உண்டு. அந்தத் தளம் வழியாக ஆண்டுக்கு ₹5 லட்சத்துக்குள் வரும் தனிநபர், பான் அல்லது ஆதார் எண்ணைக் கொடுத்திருந்தால் பிடித்தம் இல்லை. எண் கொடுக்காவிட்டால் கூடுதல் விகிதத்தில் பிடிப்பார்கள்.

கட்டிச் சேர்ப்பதா, இருப்பதைச் சீர் செய்வதா?

ஒரு மாதிரிக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இரண்டு அறைகள், ஒரு நாள் வாடகை ₹2,000, ஒவ்வோர் அறையும் ஆண்டில் 90 இரவுகள் நிரம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். வரவு ₹3,60,000. பாதி இணையத் தளம் வழி, அதற்கு 15 சதவீதம் கமிஷன் என்றால் ₹27,000. துப்புரவு ஆள், துணி வெளுப்பு, மின்சாரம், காஸ், காலை உணவு, பழுது எல்லாம் சேர்த்து ₹1,60,000.

அறைகளைப் புதிதாகக் கட்ட 11 சதவீத வட்டியில் ₹6 லட்சம் கடன் வாங்கியிருந்தால் முதல் வருட வட்டி ₹66,000. மிஞ்சுவது ₹1,07,000. ஏழு வருடத்தில் அசலை அடைக்க ஆண்டுக்குச் சுமார் ₹86,000 வேண்டும். கையில் நிற்பது ₹21,000. ஒரு சீசனில் மண் சரிந்து பாதை அடைபட்டால் அதுவும் போய்விடும்.

அதே குடும்பம் ஏற்கெனவே அனுமதியோடு கட்டிய வீட்டில் காலியாக இருக்கும் இரண்டு அறைகளை ₹1 லட்சத்தில் சீர் செய்திருந்தால் வட்டி ₹11,000, அசல் ஆண்டுக்குச் சுமார் ₹14,000. எல்லாம் போகச் சுமார் ₹1,48,000 நிற்கும். இந்த வித்தியாசத்தைப் பார்த்த பிறகுதான் கொத்தனாரைக் கூப்பிட வேண்டும். வீட்டுப் பெண்களின் உழைப்புக்கு இந்தக் கணக்கில் கூலி போடவில்லை என்பதையும் மறக்கக் கூடாது.

கடன் தேவைப்பட்டால் ஹோம் ஸ்டேக்களுக்கு முத்ரா கடன் என்று 2025-26 மத்திய பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்டுள்ளது. அதை வங்கியில் கேட்கலாம். பயிர்க்கடனை எடுத்துக் கட்டடத்தில் போடுவது கூடாது. அது பயிருக்கான பணம். வட்டிச் சலுகையும் பயிருக்கானதுதான்.

இத்தாலி காட்டும் அளவு

பண்ணைத் தங்கலுக்குப் பெயர்போன நாடு இத்தாலி. 1985-லேயே அங்கு இதற்குத் தனிச் சட்டம் வந்தது. 2006-ல் அதைத் திருத்தி எழுதினார்கள். விருந்தினர் தொழில் செய்யலாம், ஆனால் விவசாயம்தான் முதன்மையாக இருக்க வேண்டும் என்பது அந்தச் சட்டத்தின் அடிப்படை. பயிர் செய்யாதவருக்கு அந்தப் பெயரும் சலுகையும் இல்லை. இந்தியாவில் மகாராஷ்டிரா 2020-ல் வேளாண் சுற்றுலாவுக்குத் தனிக் கொள்கை கொண்டுவந்தது.

நம் ஊருக்கும் இந்த அளவுகோல் பொருந்தும். விருந்தினர் வருவது தோட்டத்தைப் பார்க்கத்தான். மிளகுக் கொடி பழுத்திருக்கும்போது பறிக்க ஆள் இல்லாமல் எல்லோரும் அறை துடைத்துக்கொண்டிருந்தால், அடுத்த வருடம் காட்ட எதுவும் இருக்காது. காபி அறுவடை, மிளகுப் பறிப்பு நடக்கும் வாரங்களில் அறைகளை மூடி வைக்கும் துணிச்சல் வேண்டும்.

எந்த வரிசையில் போவது?

1. கிராம நிர்வாக அலுவலரிடம் நில வகை, பட்டா விவரம்.
2. மலைக் கிராமம் என்றால் ஹாகா பட்டியல், வன எல்லை, யானை வழித்தடம்.
3. இருக்கும் கட்டடத்தின் அனுமதி நகல். அதில் எழுதியுள்ள பயன் என்ன என்பது.
4. மின்வாரியத்தில் இணைப்பு வகை.
5. ஊராட்சியில் வீட்டு வரி, தொழில் வரி, உரிமம்.
6. சுற்றுலாத் துறைப் பதிவு, உணவுப் பதிவு.
7. தனி வங்கிக் கணக்கு, ரசீதுப் புத்தகம், விருந்தினர் பதிவேடு.
8. இதற்குப் பிறகு விளம்பரம்.

வாசகர் கேள்விகள்

அறை வாடகைக்கு வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்தால் பி.எம் கிசான் ₹6,000 நின்றுவிடுமா?

கடந்த மதிப்பீட்டு ஆண்டில் வருமான வரி கட்டியவர்களுக்குத்தான் அந்த உதவி இல்லை. கணக்குத் தாக்கல் செய்து, கட்ட வேண்டிய வரி பூஜ்ஜியம் என்றால் அவர் வரி கட்டியவர் ஆக மாட்டார். உதவி நின்றால் தாக்கல் செய்த நகலோடு வேளாண் அலுவலகத்தை அணுகலாம். வரியே கட்டும் அளவுக்கு வருமானம் வந்தால் அந்த ₹6,000-ஐ விட்டுக்கொடுப்பதுதான் முறை.

காவலுக்குக் கட்டிய தோட்டத்துக் கொட்டகையைச் சீர் செய்து வாடகைக்கு விடலாமா?

கட்டட அனுமதி இல்லாத கொட்டகைக்கு ஹோம் ஸ்டே பதிவு கிடைக்காது. தீப்பிடித்தாலும், காட்டுப்பன்றியோ யானையோ வந்தாலும் முழுப் பொறுப்பும் உரிமையாளர் மீது விழும். வீட்டிலிருந்து தள்ளி இருக்கும் கொட்டகையில் விருந்தினரைத் தங்கவைக்க வேண்டாம்.

நகரத்திலிருந்து ஒருவர் வந்து, 'வருடத்துக்கு இவ்வளவு தருகிறேன், நான் நடத்திக்கொள்கிறேன்' என்கிறார். கொடுக்கலாமா?

கொடுத்தால் அது ஹோம் ஸ்டே அல்ல. உரிமையாளர் அங்கே வசிப்பதுதான் அந்தப் பதிவின் அடிப்படை. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். அவர் அனுமதியில்லாமல் கூடாரம் போட்டாலும், மது விற்றாலும் நோட்டீஸ் முதலில் வருவது பட்டாதாரர் பெயருக்குத்தான். முன்பணத்தைப் பார்த்து வாய்வார்த்தையில் ஒப்புக்கொள்ளக் கூடாது.

பட்டா வெளியூரில் வேலை பார்க்கும் மகன் பெயரில். பெற்றோர் நடத்தினால் வருமானம் யாருடையது?

மகனிடமிருந்து எழுத்தில் சம்மதம் வாங்கிக்கொள்ள வேண்டும். தொழிலை உண்மையில் யார் நடத்துகிறார்களோ அவர் பெயரில் பதிவு, ரசீது, வங்கிக் கணக்கு, பான் எண் எல்லாம் ஒன்றாக இருக்க வேண்டும். பதிவு தந்தை பெயரில், பணம் மகன் கணக்கில் என்று இருந்தால் மகனுடைய சம்பளத்தோடு சேர்த்து வரி போட்டுவிடும் வாய்ப்பு உண்டு.

நாங்கள் சமவெளி விவசாயிகள். இரவு தங்கல் இல்லாமல் பகலில் மட்டும் தோட்டம் சுற்றிக் காட்டலாமா?

தாராளமாக. தங்கல் இல்லையென்றால் அறை, விருந்தினர் பதிவு, ஹோம் ஸ்டே விதிகள் எதுவும் வராது. காலை வந்து, நடவு பார்த்து, வாழையிலையில் சாப்பிட்டு, நாட்டுக்கோழி முட்டையும் காய்கறியும் வாங்கிக்கொண்டு மாலையில் போகும் பள்ளிக் குழுக்களும் குடும்பங்களும் நிறையவே இருக்கிறார்கள். சமையலுக்கு உணவுப் பதிவு மட்டும் எடுக்க வேண்டும். நுழைவுக் கட்டணமும் சாப்பாட்டுக் காசும் விவசாய வருமானம் அல்ல. காய்கறி விற்ற காசு விவசாய வருமானம். இரண்டையும் தனித்தனியாக எழுதி வைத்தால் போதும். முதலீடு குறைவு என்பதால் புதிதாகத் தொடங்குபவர்கள் இதில் ஒரு வருடம் பழகிவிட்டு, பிறகு அறைகளைப் பற்றி யோசிக்கலாம்.